சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

சாத்தூரில் நிப்புக் கம்பெனித் தெரு என்று ஒரு தெரு, அதில் நாற்பத்தொரு வீடு, அந்த நாற்பத்தொரு வீட்டிலும் டிராகன் என்றால் என்ன, அதை எந்தப் பக்கமாகப் போய் அடித்தால் சீக்கிரம் சாகும் என்று தெரியாத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க வந்தவர்களும், சாதிச் சான்றிதழை நாலு காப்பி எடுக்க வந்தவர்களும், உதவித்தொகை ஏன் மூணு மாசமாக வரவில்லை என்று கேட்க வந்தவர்களும், தெரு நடுவில் இருக்கிற கனி ஜெராக்ஸ் கடை வாசலில் தங்கள் முறைக்காக நின்ற நேரத்தில் காதில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்ட படிப்பு அது. கடைக்காரி சண்முகக்கனிக்கு முப்பத்து நாலு வயது. மெஷின் சூடாகிற இடைவெளியிலும், சர்வர் படுத்துவிட்ட மணிக்கணக்கிலும் அவள் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவாள், ஆடிக்கொண்டே கருத்துச் சொல்லுவாள், சொல்ல ஆரம்பித்தால் எதிரே நிற்பது கிராம நிர்வாக அலுவலரா கீரைக்காரம்மாவா என்று பார்க்க மாட்டாள்.

ஆக்‌ஷன் கேமில் வளர்வது ஆடுகிறவனுடைய விரல், ரோல் பிளேயிங் கேமில் வளர்வது உள்ளே நடமாடுகிற அந்த ஆள் என்பது அவளுடைய முதல் கருத்து. விரல் மட்டும் வளர்ந்து என்ன பிரயோஜனம் என்பது அதன் தொடர்ச்சி. நாற்பது கிலோ இரும்புச் சட்டை போட்டவன் அடி விழுவதற்கு முன் தரையில் உருண்டு எழுந்துவிடுகிறான் என்பதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டது கிடையாது. பக்கத்துச் சலூன்காரர் செண்பகராஜ், ஆக்‌ஷன் தவிர வேறொன்றும் ஆடாதவர், முகத்துக்கு நுரை போட்ட ஆளை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று எதிர்க் கேள்வி கேட்பார்: இரும்புச் சட்டைக்காரன் உருளக்கூடாதென்றால், உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவன் நடுவழியில் யாரோ ஒரு ஊர்க்காரிக்குப் பத்து மூலிகை பறித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பது மட்டும் நியாயமா? உலகம் எப்போதும்தான் எரிந்துகொண்டிருக்கிறது, மூலிகை அவளுக்கு இன்றைக்கு வேண்டும் என்று கனி பதில் சொல்லுவாள். சில்லறை வேலை ஒன்று பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் எந்தக் கேமிலும் கடைசிச் சண்டைக்குப் போவாள், கடையிலும் அவள் அப்படித்தான்.

அவளுக்கு இரண்டு விஷயம் அறவே ஆகாது. ஒன்று கண்ணுக்குத் தெரியாத சுவர். எதிரே பாதை போகும், மரம் தெரியும், மலை தெரியும், ஆனால் ஆடுகிற நம் ஆள் மட்டும் ஓர் இடத்துக்கு மேல் காற்றில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருப்பான். போகக்கூடாதென்றால் ஆற்றை வை, பள்ளத்தை வை, குறுக்கே ஒரு காவல்காரனையாவது நிறுத்து, ஒன்றுமில்லாத இடத்தில் சுவர் வைப்பது கேம் செய்கிறவனின் சோம்பேறித்தனம் என்பாள். இன்னொன்று துணைக்குப் போகிற வேலை. யாரோ ஒருத்தியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பத்திரமாகக் கூட்டிப்போய்ச் சேர்க்க வேண்டும், அவளோ நாம் நடந்தால் நம்மைவிட வேகமாக, நாம் ஓடினால் நம்மைவிட மெதுவாக வருவாள், பத்தடிக்கு ஒரு தடவை நின்று வருகிறாளா வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து நோகும். இதை வடிவமைத்தவன் வாழ்க்கையில் ஒரு மனுஷியோடு சேர்ந்து நடந்திருக்கவே மாட்டான் என்று கனி சொல்லும்போதெல்லாம், கடையின் உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருக்கும் அவள் அம்மா தங்கபுஷ்பம் தலையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் பின் அடிப்பார்.

இந்தக் கருத்துகளையெல்லாம் கனி நல்ல தமிழில் நீள நீளமாக இணையத்தில் எழுதிவந்தாள். சென்னையில் கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, போனில் இரண்டு தடவை பேசி, பாதி செய்த கேம்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்லுகிற வேலைக்கு அவளை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பினார்கள். மூணு வாரத்தில், திங்கட்கிழமை காலை, நேரில் வந்து சேர வேண்டும்; வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றும் அதில் இருந்தது. கனி அந்தக் கடிதத்தைத் தன் கடை மெஷினிலேயே ஆறு காப்பி எடுத்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது, சந்தோஷத்தில் செய்கிற காரியத்துக்கு எதற்கு என்று இருக்குமா. பிறந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

கடிதம் வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஏ-நாலு பேப்பர் வாங்க மெயின் ரோட்டுக்குப் போனவள், தெரு முடிகிற இடத்தில், டிரான்ஸ்பார்மருக்கு ரெண்டடி முன்னால், காற்றில் நெற்றியை இடித்துக்கொண்டாள். தடவிப் பார்த்தாள். வழுவழுப்பாகவும் கொஞ்சம் சில்லென்றும் இருந்தது. அவளைத் தாண்டி ஒரு தள்ளுவண்டி போனது, இரண்டு ஆடு போனது, பால்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார், அவள் மட்டும் நின்றாள். தெருவின் மேற்கு முனைக்கு, கண்மாய்க் கரைக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் இருந்தது. வீடுகளின் கொல்லைப் பக்கமும் இருந்தது. திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து, சோம்பேறிப் பய எவனோ பாத்த வேலை என்று மட்டும் சொன்னாள்.

தெரு இதைப் பெரிய ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வராமல் இருக்கிறது, அதற்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. செண்பகராஜ் சலூனிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துவந்து காற்றில் பூசிப் பார்த்தார், பவுடர் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஆட்டோக்காரர் ஆவுடையப்பன், கனியின் உள்ளங்கை எங்கெங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் குனிந்து சுண்ணாம்பால் கோடு போட்டார், அப்படித்தான் தெருவுக்கு இரண்டு முனையிலும் இரண்டு கோடு வந்தது. பிறகு அவளை ஆட்டோவில் ஏற்றி முறுக்கு முறுக்கென்று முறுக்கி வேகமாக அந்தக் கோட்டைத் தாண்டினார். ஆட்டோ போய்விட்டது, கனியின் கைப்பை போய்விட்டது, கனி மட்டும் சீட்டு இருந்த உயரத்தில் ஒரு கணம் காற்றில் உட்கார்ந்திருந்து, பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அடி ஒன்றும் படவில்லை, ஆனால் தெருவே பார்த்துவிட்டது என்பதில் அவளுக்கு வருத்தம்.

நாலு நாளில் தெரு பழகிக்கொண்டது. கீரைக்காரம்மா கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, கனிக்கு எது வேண்டுமோ கையை நீட்டி இந்தப் பக்கம் கொடுத்தார். கூரியர்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையெழுத்து வாங்கினார். முனை வீட்டுப் பெண்கள் காலையில் கோலம் போடும்போது சுண்ணாம்புக் கோட்டையும் சேர்த்து இழுத்து ஓரத்தில் ஒரு பூ வைத்தார்கள். கனி நிற்கிற இடத்தில் யாரோ ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள், முதுகுக்குச் சுவர்தான் இருக்கிறதே என்று அதில் அவள் ஒன்றுமில்லாததின்மேல் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தாள், வெளித்தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ ஒருத்திக்கு மட்டும்தான் இந்தச் சுவர், நமக்கெல்லாம் கிடையாது என்று தெரு அவர்களிடம் பெருமையாகவே சொன்னது. நகராட்சியிலிருந்து ஒருத்தர் டேப்போடு வந்து அளந்து, பொது வழியில் தடை எதுவும் காணப்படவில்லை, ஆக்கிரமிப்பும் இல்லை என்று அறிக்கை எழுதி, அதைத் தட்டச்சு செய்து தரச் சொல்லிக் கனியிடமே கொடுத்தார். கனி அதில் இருந்த நாலு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. கனி யோசித்தாள். அவள் ஆடிய கேம்களில் இந்த மாதிரிச் சுவர் சில சமயம் திறக்கும். ஊருக்குள் முடிக்காத வேலை பாக்கி இருந்தால் திறக்காது, முடித்துவிட்டால் திறந்துவிடும். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, தெருவுக்குத் தான் செய்து கொடுக்க வேண்டிய வேலையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். எழுதிவிட்டுச் செய்தாள். அம்மன் கோயில் கமிட்டி மூணு வருஷமாகத் தேடிய பட்டாவைத் தேடிக் கொடுத்தாள். வாரிசுச் சான்றிதழில் தவறாக இறந்துபோயிருந்த வெள்ளைச்சாமியை உயிரோடு கொண்டுவந்தாள். ஒரு வேப்பமரத்துக்காகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டையும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வைத்தாள். தான் போனபிறகு கடையைப் பார்த்துக்கொள்ளச் செண்பகராஜுக்கு ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள், அவர் முதல் நாள் தன் கையையே பதினோரு தடவை ஸ்கேன் எடுத்தார். சுவர் வந்த பத்தாவது நாள் நோட்டில் எல்லா வரியும் அடிக்கப்பட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அவள் கோட்டை நோக்கி நடந்தாள், தெரு மொத்தமும் பின்னால் வந்தது. டங்கென்று முட்டியது. சுவர் அங்கேயேதான் இருந்தது. கனி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்தபோதுகூடச் சான்றிதழுக்கு அலைந்ததில் அழ நேரமில்லாமல் போனவள், எல்லார் முன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் தெருவின் குட்டு வெளிப்பட்டது. முதலில் கீரைக்காரம்மா வந்து, எம் மக கல்யாணத்தப் பதிவு பண்ணணும் தாயி, வேணும்னுதான் சொல்லாம வச்சிருந்தேன் என்றார். அடுத்து ஆவுடையப்பன் ஆட்டோவின் காலாவதியான சான்றிதழைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். வேலையெல்லாம் முடிந்தால் சுவர் திறந்துவிடும், கனி போய்விடுவாள் என்று அவள் சொல்லக் கேட்ட தெரு, வீட்டுக்கு ஒரு வேலையை, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே, அரிசிப் பானைக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும் ஒளித்துவைத்திருந்தது. கனி வீடு போக மீதி நாற்பது வீட்டில் முப்பத்தெட்டு வீடு அந்தக் காரியத்தைச் செய்திருந்தது. நீ போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா என்று அவர்கள் கேட்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தைத்தான் நீட்டினார்கள். கனிக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முப்பத்தெட்டையும் வாங்கி, நாலே நாளில் முடித்துக் கொடுத்தாள். சுவர் அப்படியும் திறக்கவில்லை.

செண்பகராஜ்தான், ஒரு தாடையில் கத்தி வைத்திருந்தபோது அவருக்குத் தோன்றி, அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து சொன்னார்.

“கனிம்மா, நான் ஆடுற கேம்லயும் சுவர் உண்டு. ஆனா எதிரிப்பய எல்லாம் அதுக்குள்ள புகுந்து போறான், நாயி போகுது, கோழி போகுது. ஆடுறவனை மட்டுந்தான் அது நிறுத்தும். நீ ஆடுற ஆளா இருக்கிற வரைக்கும் அது உன்ன விடாது.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனி ஓர் ஆக்‌ஷன்காரரின் கருத்தை ஒப்புக்கொண்டாள். ஆடுகிற ஆளாகப் போகக்கூடாது, வேறு யாராவது ஒருத்தருடைய வேலையில் துணை ஆளாகப் போக வேண்டும். ஆவுடையப்பன் தனக்கு டயர் வாங்க வேண்டும் என்று புறப்பட்டார், அவள் கூடப் போனாள். கோட்டுக்கு மூணடி இருக்கும்போது, அண்ணே அந்தக் கடைல வாங்காதீங்க, பஸ் ஸ்டாண்ட் எதிர்ல வாங்குங்க, ரைட்ல திருப்புங்க என்று வாயைத் திறந்தாள், டங்கென்று முட்டியது. செண்பகராஜ் பிளேடு வாங்கப் போனார். கனி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தாள், ஆனால் கை தானாக நீண்டு அவரை ஓரமாக இழுத்தது, பின்னால் பைக் வருதுண்ணே என்றாள், முட்டியது. கோயில் பூசாரி, கீரைக்காரம்மா, அந்த வெள்ளைச்சாமி என்று ஆளாளுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். யார் பின்னால் போனாலும் கோட்டுக்குக் கிட்டே வரும்போது அவர்கள் கனிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். சுவரை ஏமாற்ற முடியாது, அது அவள் மனசைத்தான் பார்க்கிறது என்று தெருவுக்குப் புரிந்துவிட்டது, கனிக்கும் புரிந்துவிட்டது. புதன்கிழமை அன்று அவள் வேலைக் கடிதத்தின் ஆறு காப்பியையும் எடுத்து மேஜை இழுப்பறையின் அடியில் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை தங்கபுஷ்பம் தலை சீவி, வெளியே போகிற புடவை உடுத்தி, மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கடையிலிருந்து இறங்கினார். இதுவரை அவர் தனியாகத் தெருவைத் தாண்டியதில்லை. மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கோ, பேங்குக்கோ, ஒரு கல்யாண வீட்டுக்கோ, எங்கே போனாலும் கனி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள், அவர் இழுபட்டுக்கொண்டு பின்னால் வருவார்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“கண்ணாடிக் கடைக்கு. நாலு வருஷமா இந்தக் கண்ணாடி எனக்குப் பிடிக்கல.”

கனிக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டே நிமிஷத்தில் அவள் எடுத்துக் கொடுத்த பழுப்புச் சட்டம் அது, கெட்டியானது, அழுக்குத் தெரியாதது. அன்றைக்கு அம்மா தலையை ஆட்டியதாகத்தான் அவளுக்கு ஞாபகம்.

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“நீதான் முன்னால போய்க்கிட்டே இருந்தியே.” தங்கபுஷ்பம் பையைத் தோளில் மாட்டினார். “எனக்கு நீலம் வேணும். மயில் கழுத்து மாதிரி நீலம். கண்ணாடியக் கழட்டிட்டா எம் மூஞ்சி எனக்கே தெரியாது, அதனால நீயும் வா. கடைக்காரன்ட்ட நான் பேசிக்கிறேன். நான் கேட்டா மட்டும் சொல்லு.”

சொல்லிவிட்டு அவர் நடந்தார். கனி ஷட்டரைக்கூட இறக்காமல் பின்னால் போனாள். நாலு வருஷம் என்பதையே அவள் நினைத்துக்கொண்டு போனாள். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் காலை, அம்மா பிடிக்காத ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு அதன் வழியாகத் தன்னைப் பார்த்திருக்கிறாள், தெருவில் வெள்ளைச்சாமியை உயிரோடு கொண்டுவரத் தெரிந்த தனக்கு இது தெரியவில்லை. தங்கபுஷ்பம் ரொம்ப வேகமாகவும் இல்லாமல் ரொம்ப மெதுவாகவும் இல்லாமல் ஒரு நடை நடந்தார், அந்த நடைக்குத் தன் காலைச் சரிசெய்வதே கனிக்கு வேலையாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கீரைக்காரம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சலூன் வாசலில் செண்பகராஜ் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தெருவுக்கு அந்த அளவு விவரம் உண்டு. தங்கபுஷ்பம் கோட்டைத் தாண்டினார், கனியும் தாண்டினாள், டிரான்ஸ்பார்மரைத் தாண்டினாள், மெயின் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்ணாடிக் கடையில் தங்கபுஷ்பம் பதினேழு சட்டம் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கனியின் பக்கம் திரும்பி எப்படி இருக்கு என்றார், கனி கேட்டதற்கு மட்டும் சொன்னாள். பதினெட்டாவது நீலம். பழைய கண்ணாடி வில்லையையே அளவுக்குத் தேய்த்துக் கடைக்காரர் அதில் மாட்டிக் கொடுத்தார். அம்மா அழகாக இருந்தாள் என்று கனிக்குத் தோன்றியது, கேட்கவில்லையென்றாலும் அதைச் சொல்லிவிட்டாள்.

தெரு அன்றைக்குக் கேசரி கிண்டியது. விஷயம் இவ்வளவுதானா, நோட்டில் எழுதாமல் விட்டுப்போன வேலை அம்மாவுடையது ஒன்றுதான், அது முடிந்தது, சுவர் திறந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கனியும் அப்படித்தான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை, சனிக்கிழமைக்குச் சென்னை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவர அவள் துள்ளி நடந்து போனாள், சுண்ணாம்புக் கோட்டில் நேற்று வைத்த பூ வாடிக் கிடந்தது, டங்கென்று நெற்றி முட்டியது.

பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் புரிந்தது. நேற்று அவள் வேலையை முடித்ததால் சுவர் திறக்கவில்லை. நேற்று அவள் பின்னால் நடந்தாள், அவ்வளவுதான். புரிந்ததும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே நின்றுவிட்டது. ஏனென்றால் இனி அம்மாவிடம் போய், என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போ என்று அவள் சொல்ல முடியாது. சொன்னால் அது கனியின் வேலை, அம்மா அதில் துணை ஆள், சுவர் அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஜாடையாகவும் சொல்ல முடியாது. அம்மாவுக்கே போகத் தோன்றினால்தான் உண்டு, தோன்றாவிட்டால் இல்லை, திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்கக் கனி கடையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். எத்தனையோ டிராகனைக் கொன்றிருக்கிறாள், இதைப் போல ஒரு சிரமம் அவளுக்கு வாய்த்ததில்லை. சென்னை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது. செண்பகராஜ் வந்து, சனிக்கிழமைப் பயணம் என்னாச்சு என்று கேட்டதற்கு அவள் அம்மா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள், அவர் ஒன்றும் புரியாமல் தன் கடைக்குப் போய்விட்டார். அம்மா பின் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு வந்து தங்கபுஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்தார். நீலக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“கல்யாணமான புதுசுல உங்கப்பா என்னய மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. முப்பத்தாறு வருஷமாச்சு. கூட்டிட்டுப் போறவங்கள நம்பியே உக்காந்திருந்தா உக்காந்திருக்க வேண்டியதுதான். நாளைக்குக் காலைல நான் மெட்ராஸ் போறேன். நீ வர்றியா?”

கனி எத்தனையோ சொல்ல நினைத்து, வர்றேம்மா என்று மட்டும் சொன்னாள்.

தங்கபுஷ்பம் எல்லாம் தெரிந்துதான் செய்தார் என்று இன்றைக்கும் தெருவில் பாதிப் பேர் சொல்லுகிறார்கள். தெரிந்து செய்திருந்தால் சுவர் விட்டிருக்காது, அவருக்கு நிஜமாகவே மெட்ராஸ் பார்க்க ஆசை என்று மீதிப் பேர் சொல்லுகிறார்கள். ஆசையும் நிஜம், அக்கறையும் நிஜம், இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்தச் சுவருக்கே தெரியவில்லை என்பது செண்பகராஜின் கருத்து. அவர் இப்போது ரோல் பிளேயிங்கும் ஆடுகிறார், ஆனால் வெளியே சொல்வதில்லை.

சனிக்கிழமை காலை நாற்பது வீடும் வாசலில் நின்றது. யாரும் கனியிடம் பேசவில்லை, எல்லோரும் தங்கபுஷ்பத்திடம்தான் பத்திரமாகப் போயிட்டு வாங்க என்றார்கள், ரயிலில் ஜன்னலோரம் உட்காராதீங்க என்று ஒருத்தர் சொன்னார், ரயில் இல்லை பஸ் என்று தங்கபுஷ்பமே அவரைத் திருத்தினார். கீரைக்காரம்மா மட்டும் கனியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். கனிக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் நடந்தாள், அம்மாவின் மஞ்சள் பையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சுண்ணாம்புக் கோடு எப்போது காலுக்கடியில் வந்தது, எப்போது போனது என்று அவள் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தங்கபுஷ்பம் சுற்றுமுற்றும் பார்த்தார். நீலக் கண்ணாடி வழியாக எல்லா போர்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு, சிவப்பாகவும் பெரிதாகவும் இருந்த ஒரு பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஏறு என்றார். அது திருநெல்வேலிக்குப் போகிற பஸ். சென்னை வடக்கே இருக்கிறது, இது தெற்கே போகிறது. கனிக்கு அது தெரியும்; இந்த பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போகும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கோவில்பட்டியில் இறங்கித் திரும்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தவள், பாதியில் அதையும் விட்டுவிட்டாள்.

பஸ் புறப்பட்டது. சாத்தூர் பின்னால் போனது. நெற்றியில் ஒன்றும் முட்டவில்லை, காற்றுதான் அடித்தது. தப்பான திசையில் போகிற அந்த வண்டியில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்கிற பொறுப்பு இல்லாமல், கனி சின்னப் பிள்ளையாக இருந்ததற்குப் பிறகு முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாள், அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் போயிருக்கும், தங்கபுஷ்பத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார், மைல்கல்லைப் பார்த்தார்.

“கனி, இந்த பஸ் மெட்ராஸுக்குத்தான போகுது?”

கேட்டால் சொல்லலாம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். பதில் கனியின் வாயில் தயாராக இருந்தது. அவள் அதை அப்படியே விழுங்கினாள்.

“தெரியலம்மா. நீ கேட்டுட்டு வந்து சொல்லு.”

தங்கபுஷ்பம் மஞ்சள் பையை மகளின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். கம்பியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து, ஆடுகிற பஸ்ஸில் கண்டக்டரை நோக்கி முன்னால் போனார். பாதி தூரம் போனவர், மகள் இருக்கிறாளா என்று ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.